கட்டமஞ்சி தையல் வகுப்பு

தபீதாள் அம்மாளிடம் யாராவது "சாப்பிட்டீங்களா" என்று கேட்டால்கூட, இவர் எதற்கு இதைக் கேட்கிறார் என்று ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுத்தான் பதில் சொல்வாள். பால்காரர் அப்பாவு ஒருநாள், "இன்னிக்கும் அரை லிட்டர் சேத்து ஊத்தட்டுமாம்மா" என்று வெள்ளந்தியாகக் கேட்டார். வீட்டில் ஆள் கூடியிருப்பது இவருக்கு எப்படித் தெரிந்தது என்று இரண்டு நாள் அவரிடம் பாலே வாங்கவில்லை. முந்தின நாள் அரை லிட்டர் சேர்த்து வாங்கியது தான்தான் என்பது மூன்றாம் நாள் நினைவுக்கு வந்தது. அதற்காக அவரிடம் ஒரு வார்த்தை வருத்தம் சொன்னாளா என்றால், அதுவும் இல்லை.

பார்த்த வேலை அப்படி. சித்தூரில் கட்டமஞ்சி ஏரிக்குப் பின்னால், பலகை எதுவும் மாட்டாத ஓட்டு வீடு. முன் அறையில் இரண்டு தையல் மிஷின். தெருவுக்கு அது தையல் வகுப்பு. பின்கட்டில் நான்கு அறைகள். புருஷனிடம் அடிபட்டு, உயிர் தப்பினால் போதும் என்று ஓடி வந்த பெண்கள் ஐந்தாறு பேர் எப்போதும் அங்கே இருப்பார்கள். ஊரில் சில டாக்டர்களும் வக்கீல்களும் சேர்ந்து நடத்திய சங்கத்தின் இல்லம் அது. தபீதாள் ஒன்பது வருஷமாக அங்கே வார்டன்.

அங்கே இருப்பவர்களின் பெயர் வாசலைத் தாண்டக் கூடாது என்பது அவள் போட்ட முதல் சட்டம். தாண்டினால் என்ன ஆகும் என்பதை ஒரு தடவை பார்த்துவிட்டாள். எழுபத்தெட்டாம் வருஷம் ரத்தினம்மா என்று ஒரு பெண். பெனுமூர் பக்கம். எப்படியோ மோப்பம் பிடித்து மாமனாரும் புருஷனும் வந்து, சமாதானம் பேசி, கையைப் பிடித்துக் கூட்டிப் போனார்கள். மூன்றாம் மாதம் கிணற்றிலிருந்து எடுத்தார்கள். அவள் இங்கே இருப்பதை யார் சொன்னது என்று கடைசிவரை தெரியவில்லை. தபீதாள் அந்தச் சமயம் இருந்த சமையல்காரியைச் சந்தேகப்பட்டு வேலையை விட்டு அனுப்பினாள்.

எண்பத்து நான்காம் வருஷம் ஜூன் மாதத்தில், திருப்பதியில் சமூகப் பணி படிக்கிற பெண் ஒருத்தி ஆறு வாரம் பயிற்சிக்கு வருவாள் என்று சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. இந்த வீட்டில் வந்து பயிற்சி எடுக்க என்ன இருக்கிறது என்று தபீதாளுக்குக் கடிதத்தைப் பார்த்ததுமே எரிச்சலாக வந்தது. பெண் வந்து இறங்கினாள். பெயர் வெங்கடலட்சுமி, வயது இருபத்திரண்டு. நல்ல சிரித்த முகம். அது தபீதாளுக்குப் பிடிக்கவில்லை.

பையைத் திறந்து காட்டச் சொன்னாள். இரண்டு புடவை, ஒரு ஊறுகாய் பாட்டில், நீளமான நோட்டு ஒன்று.

"இது இன்னாத்துக்கு?"

"தினம் இன்னா செஞ்சேன், இன்னா பாத்தேன்னு எழுதணும்மா. எங்க மேடம் கேப்பாங்க. அதுக்கு மார்க் இருக்குது."

"இங்க இருக்கறவங்க பட்ட பாடு உனக்கு மார்க்கா?"

பெண் நோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, "பேரு எழுத மாட்டேன்மா. மேடமும் எழுதக் கூடாதுன்னுதான் சொல்லிக்கிறாங்க" என்றாள்.

"எந்த ஊரு?"

"நாராயணவனம் பக்கம். நைனா கரும்பு போடறாரு. சனிக்கெழம ஊட்டுக்குப் போய்ட்டு ஞாயித்துக்கெழம வந்துர்றேன்."

நாராயணவனம் என்றால் புத்தூர் பஸ். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி, எங்கேம்மா வேலை செய்யிறே என்பாள். இது சிரித்த முகம் வேறு. தபீதாள் மனதில் அன்றைக்கே ஒரு முள் தைத்துவிட்டது.

வெங்கடலட்சுமி வேலையில் சோம்பேறி இல்லை. பெண்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். தெலுங்கில் மனு எழுதிக் கொடுத்தாள். போலீஸ் ஸ்டேஷனில் காத்திருக்கச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போன ஏட்டு திரும்பி வரும்வரை அசையாமல் நின்றாள். பெண்கள் அவளிடம் ஒட்டிக்கொண்டார்கள். தன்னிடம் ஒன்பது வருஷமாக யாரும் இப்படி ஒட்டிக்கொண்டதில்லை என்பது தபீதாளுக்கு உறுத்தியது. இவ்வளவு சீக்கிரம் எல்லாரையும் பேச வைக்கிறவள் எல்லாரிடமும் பேசவும் செய்வாள் என்று முடிவு கட்டினாள். பெண் குளிக்கப் போகும்போது நோட்டை எடுத்துப் படிப்பது தினசரி வேலைகளில் ஒன்றாகிவிட்டது.

இரண்டாவது வாரம் கங்கம்மா வந்தாள். வடமாலபேட்டைக்காரி. புருஷன் முனிரத்தினம், புத்தூரிலிருந்து சித்தூர் வரும் ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டர். டிக்கெட் பெட்டியால் அடித்ததில் இடது காதில் ரத்தம் வந்து, அன்றிலிருந்து அந்தக் காது கேட்கவில்லை. புத்தூர் ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி ரகசியமாகக் கூட்டி வந்து விட்டுவிட்டுப் போனாள்.

"அவரு கையில ஆப்ட்டுக்கினா இந்த வாட்டி காதோட உட மாட்டாரும்மா. கொன்னுருவேன்னு சத்தியம் பண்ணிக்கிறாரு. சொன்னா செய்வாரு" என்றாள் கங்கம்மா. சாதாரணமாகத்தான் சொன்னாள். தபீதாளுக்கு எழுபத்தெட்டாம் வருஷத்துக் கிணறு ஞாபகம் வந்தது.

வெங்கடலட்சுமி எப்போதும் கங்கம்மாவுக்கு வலது பக்கம் போய் உட்கார்ந்துதான் பேசினாள். சனிக்கிழமை ஊருக்குக் கிளம்பும்போது தபீதாள் வாசலில் மறித்தாள்.

"எந்த பஸ்?"

"கவர்மென்ட் பஸ்தாம்மா. அவங்க ஊட்டுக்காரரு பஸ்ல ஏறுவேனா நானு?"

தபீதாள் தலையாட்டினாள். ஆனால் நம்பவில்லை.

இந்த நம்பாத குணம் பிறவியிலேயே வந்ததில்லை. அவள் சித்தூர் மிஷன் சபையில் கம்பவுண்டர் மகளாகப் பிறந்து, கலகலவென்று வளர்ந்தவள்தான். இருபது வயதில் குப்பத்தில் பள்ளிக்கூட வாத்தியார் நேசகுமாருக்குக் கட்டிக் கொடுத்தார்கள். ஊரறிய நல்ல மனிதர். கோயில் பாடகர் குழுவில் கனத்த குரல் அவருடையது. வீட்டுக்குள் நடப்பது வேறு. அடி கொஞ்சம், காவல் அதிகம். அம்மாவுக்கு அவள் எழுதும் கடிதங்களை, "கொண்டா, நான் போட்டுர்றேன்" என்று அவரே வாங்கிக்கொண்டு போவார். அம்மாவிடமிருந்து பதிலே வந்ததில்லை. பெற்றவளே மறந்துவிட்டாள் என்று அழுது அழுது அந்த வருஷங்கள் போயின. மஞ்சள் காமாலையில் அவர் செத்த பிறகு டிரங்குப் பெட்டியைத் திறந்தால், அவள் எழுதியதும், அவர் பள்ளிக்கூட விலாசத்துக்கு அம்மா எழுதியதுமாகப் பதினோரு வருஷக் கடிதங்கள் நூல் கட்டி அடுக்கியிருந்தன. அதற்குள் அம்மாவும் போய்ச் சேர்ந்திருந்தாள்.

அன்றைக்கு வந்து உட்கார்ந்த சந்தேகம்தான் அது. எழுந்து போகவே இல்லை.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் அவள் அதைச் செருப்போடு வெளியே கழற்றி வைத்துவிட்டுப் போவாள். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம். சபையில் வாசல் பக்கம் ஒரு மரப்பெட்டி இருக்கும். அவரவர் குறையைச் சீட்டில் எழுதிப் போடுவார்கள். போதகர் இயேசுதாசன் ஒவ்வொன்றாக எடுத்து வாசிக்க, எல்லாரும் ஆமென் சொல்வார்கள். குப்பத்திலும் இந்த வழக்கம் உண்டு. அங்கே இருந்த பதினோரு வருஷமும் தபீதாள், புருஷன் கண்ணில் படக் கூடாது என்று பெயர் போடாமல், "ஒரு குடும்பத்தின் சமாதானத்துக்காக" என்று மட்டும் எழுதிப் போட்டாள். ஒன்றும் நடக்கவில்லை. விலாசம் இல்லாத தபால் எங்கே போய்ச் சேரும் என்று பிற்பாடு அவளுக்குத் தோன்றியது. சித்தூருக்கு வந்த நாளிலிருந்து யாருக்காக எழுதினாலும் பெயர், ஊர், என்ன குறை, இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று முழுசாக எழுதுவாள். அதை அவள் மனிதர்களிடம் சொல்வதாக நினைக்கவே இல்லை. ஆண்டவரிடம் சொல்கிறோம் என்றுதான் நினைத்தாள்.

கங்கம்மா வந்த பதினோராம் நாள், செவ்வாய்க்கிழமை, காலை பதினோரு மணிக்குக் காக்கிச் சட்டை போட்ட ஆள் ஒருவன் வாசல் கதவைத் தட்டினான். முனிரத்தினம். கொஞ்சம் தள்ளி வேப்பமரத்தடியில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு ஒரு பெண். முகம் தெரியவில்லை. அடியில் சைக்கிள் டயர் ரப்பர் சுற்றிய கைத்தடி ஒன்று மட்டும் தெரிந்தது.

"கங்கம்மாவக் கூப்புடு."

"கங்கம்மான்னு இங்க யாரும் இல்ல. இது தையல் கிளாஸ்."

"தையல் கிளாஸா? எடது காது கேக்கல, புருஷன் கையில மாட்டாம இருக்கணும்னு எழுதி வெச்சிக்கினு கீறீங்களாமே. தையல் கிளாஸ்ல இதான் எழுதுவாங்களா?"

தபீதாள் கதவைப் பிடித்துக்கொண்டாள். முகத்தில் எதையும் காட்டவில்லை. "யாரோ உனக்குத் தப்பா சொல்லிக்கிறாங்க. உள்ள பொம்பளப் புள்ளைங்க தெச்சிக்கினு இருக்குது, நகருப்பா" என்று கதவைச் சாத்தினாள். அவன் போகவில்லை. எதிரே இருந்த சின்னப் பாலத்துக் கட்டையில் மத்தியானம் வரை உட்கார்ந்திருந்துவிட்டு, "நாளைக்கும் வருவேன். அவள இட்டுக்கினுதான் போவேன்" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனான்.

உள்ளே சாமான் அறையில் கங்கம்மா அரிசி டிரம்முக்குப் பின்னால் குந்தியிருந்தாள். அவன் குரல் கேட்கக் கூடாது என்று கேட்கிற காதைக் கையால் பொத்திக்கொண்டிருந்தாள். வெங்கடலட்சுமி அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தக் காட்சியைப் பார்த்ததும் தபீதாளுக்குக் கோபம் தலைக்கு ஏறியது. காட்டிக் கொடுத்ததும் இவள், கட்டிப் பிடிப்பதும் இவளா?

"நோட்ட எடுத்துக்கினு வா."

பெண் எடுத்து வந்தாள். தபீதாள் தேடவே வேண்டியிருக்கவில்லை. பக்கம் அவளுக்கு மனப்பாடம். இடது காது கேட்கவில்லை, கணவனுக்குப் பயந்து வந்திருக்கிறார் என்று இருந்தது.

"எழுதி வெச்சிக்கினு கீறீங்களாமேன்னு கேட்டான். எழுதறது இந்த ஊட்டுல யாரு?"

"நான்தாம்மா எழுதறேன். ஆனா யாருக்கும் காட்டல. எங்க நைனாவுக்குக்கூட நான் எங்க வேல செய்யறேன்னு சரியாத் தெரியாது."

"பஸ்ல யாருகிட்ட பேசின?"

"யாருகிட்டயும் பேசல." அந்தப் பக்கத்தில் விரலை வைத்தாள். "பாருங்கம்மா, நான் அவங்க பேரே எழுதல. 'க'ன்னுதான் எழுதிக்கிறேன். ஊரும் எழுதல. இந்த நோட்ட அவரு படிச்சிருந்தாலும் கங்கம்மான்னு எப்படித் தெரியும்?"

நியாயமான கேள்விதான். தபீதாள் அந்த 'க'வை எத்தனையோ தடவை பார்த்தவள். இருந்தாலும் ஒருவரைச் சந்தேகப்பட்ட பிறகு நியாயம் காதில் விழுமா? "பேரு எழுதல. வாயால சொல்லிக்கிற" என்றாள். அன்று மாலையே வெங்கடலட்சுமி பையைத் தூக்கிக்கொண்டு திருப்பதிக்குப் பஸ் ஏறினாள். பின்னாலேயே கல்லூரிக்குக் கடிதமும் போனது. ரகசியம் காக்கத் தெரியாதவர், இந்த வேலைக்குத் தகுதியில்லாதவர் என்று தபீதாள் தன் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தாள்.

மறுநாள் விடிந்ததும் கங்கம்மாவுக்குப் பள்ளிக்கூட டீச்சர் மாதிரி கண்ணாடியும் குடையும் கொடுத்து, குதிரை வண்டியில் ரயிலடிக்குக் கூட்டிப் போய் ரயில் ஏற்றி, பள்ளியில் தன்னோடு படித்த நர்ஸ் லோயிஸின் திருப்பதி வீட்டில் தபீதாளே கொண்டுபோய் விட்டாள். சங்கத்துச் செயலாளரிடம்கூட இடத்தைச் சொல்லவில்லை. இனி இந்த உலகத்தில் இது தெரிந்தவர் மூன்றே பேர் என்று நினைத்தபோது, வெகுநாள் கழித்து அவளுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

வெள்ளிக்கிழமை சபைக்குப் போனாள். வாசல் பெஞ்சில் உட்கார்ந்து சீட்டு எழுதினாள். வடமாலபேட்டை கங்கம்மா, இப்போது திருப்பதியில் நர்ஸ் லோயிஸ் வீட்டில் பத்திரமாக இருக்கிறாள், இடது காது கேட்க வேண்டும், புருஷன் கண்ணில் படாமல் இருக்க வேண்டும். வழக்கம்போல அடியில் தபீதாள் என்று கையெழுத்துப் போட்டு, நான்காக மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள்.

போதகர் பெட்டியை மேஜைமேல் கவிழ்த்தார். ஒரு சீட்டை எடுத்துப் பிரித்தார். யாரோ ஒருவருடைய மகனுக்கு வேலை. ஆமென். இன்னொன்று, கண் ஆபரேஷன். ஆமென். பின்னால் பாயில் யாரோ இடம் மாறி உட்கார, ஏதோ சிமென்ட் தரையில் விழுந்தது. தடி விழுந்தால் வருகிற கட்டைச் சத்தம் இல்லை. ரப்பர் பட்டது மாதிரி மொத்தென்று ஒரு சத்தம்.

தபீதாள் திரும்பிப் பார்த்தாள். உடம்பு சுகத்துக்காக வெள்ளிக்கிழமை வருகிற இந்துப் பெண்கள் எப்போதும் கடைசியில் பாயில்தான் உட்காருவார்கள். அவர்களில் ஒருத்தி தடியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். அடியில் சைக்கிள் டயர் ரப்பர். முழங்கால் வலிக்காக நாலைந்து மாதமாக வருகிற கிருஷ்ணம்மா. தபீதாளே அவளுக்காக ஒருநாள் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறாள். எந்த ஊர் என்று கேட்டதற்கு, தம்பி புத்தூர் பக்கம் பஸ்ஸில் கண்டக்டர், நான் இங்கே மகள் வீட்டில் இருக்கிறேன் என்று சொன்னதும் ஞாபகம் வந்தது. கிருஷ்ணம்மா மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு சீட்டு பிரியும்போதும் அவள் தாடை கொஞ்சம் உயர்ந்தது.

எழுதி வெச்சிக்கினு கீறீங்களாமே.

எழுதியது யார் என்று அப்போதுதான் தபீதாளுக்குப் புரிந்தது. போன வாரம் கங்கம்மாவின் பெயரையும் ஊரையும் காதையும் இருக்கும் வீட்டையும் போதகர் வாசித்தபோது, ஆமென் என்று முதலில் சொன்னதும் தபீதாளேதான். மேஜைமேல் இன்னும் நாலு சீட்டு இருந்தன. அடுத்தது, நான்காக மடித்தது, அவளுடையது.

எழுந்தாள். ஜெபம் நடக்கும்போது அந்தச் சபையில் யாரும் எழுந்து நடந்ததில்லை. நேராக மேஜைக்குப் போனாள். போதகர் கை அந்தச் சீட்டின்மேல் இருந்தது, பாதி பிரித்துவிட்டார். அவள் அதை அவர் விரலிலிருந்து உருவினாள்.

"இன்னா தபீதாம்மா?" என்றார் அவர், குரலைத் தாழ்த்தி.

"இது என்னுதுங்கய்யா. தப்பா எழுதிட்டேன்."

சபை முழுவதும் அவளைப் பார்த்தது. கிருஷ்ணம்மாவும் பார்த்தாள். தபீதாள் சீட்டைக் கைக்குள் இறுக்கிக்கொண்டு வெளியே வந்தாள். படியில் செருப்பைக் கால் மாற்றி மாட்டினாள். பயந்தது கங்கம்மாவுக்காக மட்டும் இல்லை. எழுபத்தெட்டாம் வருஷம் ரத்தினம்மாவுக்கும் சீட்டு எழுதினோமா என்று யோசித்தாள். சரியாக நினைவு வரவில்லை. ஆனால் எழுதாமல் இருந்திருக்க மாட்டாள். யாருக்குத்தான் எழுதவில்லை?

பஸ் ஸ்டாண்டில் பின்னால் யாரும் வருகிறார்களா என்று பார்த்து, இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு மூன்றாவதில் ஏறி, திருப்பதிக்குப் போனாள். லோயிஸ் வீட்டுப் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. கல்லூரிக்குப் போய் மேடத்திடம், நான் எழுதிய கடிதம் பொய், கிழித்துப் போடுங்கள் என்றாள். பிறகு ஹாஸ்டலில் விருந்தாளிகள் உட்காரும் அறையில் வெங்கடலட்சுமிக்காகக் காத்திருந்தாள்.

பெண் வந்தாள். உட்காரவில்லை. முகத்தில் சிரிப்பும் இல்லை.

"யாரு சொன்னதுன்னு தெரிஞ்சிதாம்மா?"

"தெரிஞ்சிது. நான்தான்."

நடந்ததையெல்லாம் தபீதாள் ஒன்றுவிடாமல் சொன்னாள். எழுபத்தெட்டைப் பற்றியும் சொன்னாள். அதை அவள் இதற்கு முன் யாரிடமும் இப்படிச் சொன்னதில்லை. சொல்லி முடித்துவிட்டு மடித்த சீட்டை நீட்டினாள். "கங்கம்மா இப்போ இருக்கற எடம் இதுல இருக்குது. படி. உன்ன நம்பறேன்னு நீ தெரிஞ்சிக்கணும்."

வெங்கடலட்சுமி வாங்கினாள். பிரிக்கவில்லை. அப்படியே இரண்டாக, நான்காக, எட்டாகக் கிழித்துத் தபீதாளின் உள்ளங்கையில் வைத்து அவள் விரல்களை மூடினாள்.

"எனக்குத் தெரிய வேணாம்மா. நாளைக்கு யாராவது கேட்டா, தெரியாதுன்னு நான் நெஜமா சொல்லணும்." பிறகு, "திங்கக்கெழம வர்றேன். மிச்சம் மூணு வாரம் இருக்குது" என்றாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை கிருஷ்ணம்மா வரவில்லை. வந்திருந்தாலும் அவளுக்கு ஒன்றும் கிடைத்திருக்காது. தபீதாள் அன்று இரண்டு சீட்டு எழுதினாள். ஒன்றில், 'க, காது' என்று மட்டும் இருந்தது. பெயர் இல்லாமல் எழுதினால் ஆண்டவருக்கு ஆள் அடையாளம் தெரியுமா என்ற சந்தேகம் அவளுக்குத் தீரவில்லை. இருந்தாலும் அவ்வளவுதான் எழுதினாள்.

இரண்டாவதில் பெயரையும் ஊரையும் முழுசாகப் போட்டாள். பெனுமூர் ரத்தினம்மா விஷயத்தில் தபீதாள் செய்த தவறு மன்னிக்கப்பட வேண்டும் என்று எழுதினாள். அந்தப் பெயரை உரக்க வாசிக்கலாம். அவளைத் தேடிக்கொண்டு இனி யாரும் வரப்போவதில்லை. போதகர் வாசித்தார். எல்லாரும் ஆமென் என்றார்கள். தபீதாளுக்கு மட்டும் சத்தம் வரவில்லை.